தலை போனால் கை மிஞ்சும்



நம் வகுப்பில் குறுக்கெழுத்துப் புதிர் எப்போது வெளியே வரும்? பாடம் முடிந்து பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது வரும். சக ஆசிரியர் விடுப்பில் போய், அவருடைய வகுப்பும் நம் தலையில் விழும்போது வரும். பயிற்சித்தாளை நீட்டுவோம். ‘அரசன் (4)’ என்று இருக்கும். மாணவர் ‘மன்னன்’ என்று எழுதுவார். தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார். மணி அடித்துவிடும்.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். குனோங் ராபாட்டில் என்னிடம் படிக்கும் படிவம் 4 மாணவர்களோடு போன ஆண்டு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விடையை நான் கொடுத்துவிடுவேன். குறிப்பை அவர்கள் குழுவாக உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த விளையாட்டைப் பற்றிய விமர்சனம்தான் இது. எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, நான் எங்கே சறுக்கினேன் என்று மூன்றையும் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டம் நிரப்பும்போது மாணவருக்குச் சொல் தெரியுமா என்று நாம் சோதிக்கிறோம், அவ்வளவுதான். குறிப்பு எழுதும்போதுதான் அவர் அந்தச் சொல்லைப் பிரித்து, தட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். ஆனால் அவர் எழுதியதை நாமும் பொறுமையாகப் படித்து, ஏன் நன்று, ஏன் நன்றல்ல என்று பேச வேண்டும். ‘சரி’, ‘பிழை’ போட்டு நகர்ந்துவிட்டால் பழைய பயிற்சித்தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கட்டத்தை ஏன் விட்டேன்

முதலில் கட்டத்தோடுதான் தொடங்கினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புதிர்க் கருவி ஒன்றில் சொற்களைப் போட்டால் ‘கோ’ என்ற ஓர் எழுத்து இரண்டு பெட்டியில் போய் உட்கார்ந்தது. ககரம் ஒரு பெட்டியில், கொம்பும் காலும் அடுத்த பெட்டியில். யூனிகோடில் ‘கோ’ என்பது இரண்டு குறியீடு. தமிழை அறியாத கருவி குறியீட்டை எண்ணுகிறது, எழுத்தை எண்ணுவதில்லை. உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

சரி, கையால் கட்டம் போடலாம் என்று மாணவர்களிடம் விட்டேன். அங்கே வேறு சிக்கல். இடமிருந்து வலமாகப் போகும் சொல் ‘ன்’ என்று முடிந்தால், அந்தப் பெட்டியிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கவே முடியாது. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. நன்னூல் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளை 22 என்றும், இறுதியில் வருபவற்றை 24 என்றும் கணக்குச் சொல்கிறது. அந்த இரண்டு பட்டியலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு என் மாணவர்கள் ஒரு பாடவேளை முழுக்க அழிப்பானைத் தேய்த்தார்கள். மொழி முதல், மொழி இறுதி நடத்த இதைவிட நல்ல வழி கிடையாது, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று என் நோக்கம் சொல்வளம். ஆகவே கட்டத்தை எடுத்துவிட்டு, சொல்லையும் குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர் 1913 டிசம்பர் 21இல் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளியிட்ட புதிரிலிருந்துதான் இன்றைய குறுக்கெழுத்து வளர்ந்தது. இங்கிலாந்துக்குப் போனபின் அது நேரடி அர்த்தம் கேட்பதை விட்டு, சொல்லோடு விளையாடும் மறைகுறிப்பாக மாறியது. லண்டனின் ‘அப்சர்வர்’ வார இதழில் சிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவரும், 1972 முதல் அவர் இடத்துக்கு வந்த அசெட் என்பவரும் வாசகருக்கு ஒரு போட்டி வைத்தார்கள். விடைச்சொல் இதுதான், இதற்கு நீங்கள் ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள் என்பார்கள். வந்தவற்றில் நல்லதைத் தேர்ந்து, ஏன் நல்லது என்று கருத்தும் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். ஒற்றை வரிக் குறிப்புக்கு இலக்கிய விமர்சனம் மாதிரி! வகுப்பில் நமக்கு வேண்டியதும் அதுதானே?

தமிழில் இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்கள், அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்களைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலப் புதிரின் மறைகுறிப்பு முறையைத் தமிழ் எழுத்துக்கும் தமிழ்ப் புணர்ச்சிக்கும் ஏற்ப வளைத்து எழுதியிருக்கிறார். படிவம் 4 மாணவருக்கு அப்படியே கொடுக்க முடியாது, கடினம். ஆசிரியர் முதலில் நாலைந்து புதிரோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால் நல்லது.

விடுகதையா, குறிப்பா?

விளையாட்டின் முதல் நாள் மாணவர்கள் எழுதியதெல்லாம் விடுகதை. அதில் தப்பில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அது. ஆனால் விடுகதை பொருளைப் பற்றிப் பேசும். குறிப்பு பொருளோடு சேர்த்து அந்தச் சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். எத்தனை எழுத்து, எதை எடுத்தால் எது மிஞ்சும், வேறு என்ன அர்த்தம் உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

வெண்பலகையில் நான் எழுதிக் காட்டிய முதல் எடுத்துக்காட்டு எளிமையானது. ‘வானத்திலும் வரும், வாரத்திலும் வரும் (4)’. விடை ‘திங்கள்’. இது நம் சிலேடைதான். காளமேகப் புலவரைப் படித்த மாணவருக்கு இது அந்நியமாகத் தெரியாது.

அடுத்து ஒரு சொல்லின் தலையைக் கொய்வது. ‘தலை போனால் கை மிஞ்சும் பெரிய ஊர் (4)’. விடை ‘நகரம்’. முதல் எழுத்தை எடுத்தால் ‘கரம்’, அதாவது கை. இதையே ‘தலை போன பெரிய ஊர் ஒரு கை (3)’ என்று மாற்றினால் விடை ‘கரம்’ ஆகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஏன் விடை மாறியது என்று கேளுங்கள். வாக்கியத்தில் எது எழுவாய், எது அடை என்று இலக்கணம் நடத்தும்போது கொட்டாவி விடும் பிள்ளை, இங்கே சண்டைக்கு வருவான். எனக்கு வந்தான்.

பிறகு நான்கு குழுவுக்கும் நான்கு சொல் கொடுத்தேன்: நகரம், தகரம், சிகரம், மகரம். நான்குக்கும் தலை போனால் கைதான் மிஞ்சும். ஆகவே அந்த விளையாட்டு வரியை எல்லாரும் பயன்படுத்தலாம். வித்தியாசம் எங்கே வரவேண்டும்? மீதியுள்ள இரண்டு மூன்று சொல்லில். சிகரம் கிடைத்த குழு சன்னல் வழியே சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்துவிட்டு எழுதியது: ‘தலை போனால் கை மிஞ்சும், ஏறினால் கால் வலிக்கும் (4)’. இது நல்ல குறிப்பு. தலை, கை, கால் மூன்றும் ஒரு வரிக்குள் வந்துவிட்டன, படிக்கவும் ஒரு வாக்கியமாக இருக்கிறது. தகரம் கிடைத்த குழுவோ ‘தலை போனால் கை மிஞ்சும் ஓர் உலோகம் (4)’ என்று எழுதியது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஈயத்துக்குப் பேர்போன கிந்தா பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு ‘ஓர் உலோகம்’ என்பது சோம்பல். மழை பெய்தால் வீட்டுக்கூரை என்ன பாடு படும் என்று கேட்டேன். உடனே, ‘தலை போனால் கை மிஞ்சும், மழை வந்தால் காது போகும் (4)’ என்று திருத்தினார்கள். தகரக்கூரையின் கீழே வாழ்ந்தவர்தான் இதை எழுத முடியும்.

எங்கள் விதிகள்

நான்கு அல்லது ஐந்து பேர் ஒரு குழு. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். குறிப்பை மாஜோங் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மற்றக் குழுக்கள் சுற்றிவந்து விடை காண வேண்டும். எல்லாக் குழுவும் கண்டுபிடித்தால் எழுதிய குழுவுக்கு 1 புள்ளி. யாருமே கண்டுபிடிக்காவிட்டால் 0. சிலர் கண்டுபிடித்து, சிலர் கோட்டை விட்டால் 3 புள்ளி. இந்தக் கணக்கு முக்கியம். இல்லாவிட்டால் கெட்டிக்காரக் குழு யாருக்கும் புரியாததை எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும்.

பிறகுதான் விமர்சனம். ஒவ்வொரு குறிப்பிடமும் மூன்று கேள்வி கேட்கிறோம்.

ஒன்று, விடையின் பொருள் குறிப்பில் எங்கேயாவது நேராக இருக்கிறதா?
இரண்டு, விடையின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிப்பில் கணக்கு இருக்கிறதா?
மூன்று, புதிர் என்பதை மறந்துவிட்டுப் படித்தால், யாராவது பேசக்கூடிய வாக்கியமாக இருக்கிறதா?

முதல் இரண்டும் நியாயம் பற்றியவை. மூன்றாவது அழகு பற்றியது. மூன்றும் அமைந்தால் மாணவர்களே கைதட்டிவிடுகிறார்கள், நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து காட்டுங்கள். சித்திரகவி வகைகளில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் வருவது. அதற்கு நேர்மாறாக, எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்துவருத்தனம். சில கேள்விகளைக் கேட்டு, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் ஒரு முழுச்சொல் கிடைப்பது வினாவுத்தரம். டிப்ளோமா படிக்கும்போது இவற்றைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். எதற்கு என்று அப்போது புரியவில்லை. படிவம் 4 பிள்ளைகள் தகரத்தின் தலையைக் கொய்தபோதுதான் புரிந்தது.

நான் சறுக்கிய இடம்

இனி, சொல்லக் கொஞ்சம் கூச்சமான பகுதி.

மூன்றாவது வாரம் சொல்லை நான் கொடுக்கவில்லை. குழுவே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டேன். பின்வரிசையில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவன். அவனுடைய குழு இப்படி ஒட்டியிருந்தது: ‘பசு போன கோயில் தோட்டத்து வீடு (3)’.

நான் படித்தேன். ‘ஆலயம்’ என்பதில் ‘ஆ’ போனால் ‘லயம்’. ஆ என்றால் பசு, ஓரெழுத்து ஒருமொழி. அதைப் பிடித்தது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “லயம்னா இசையில வர்ற லயம். வீடுன்னு அகராதியில எங்க இருக்கு? அதோட, லகரம் மொழிக்கு முதல்ல வராதுன்னு போன வாரம்தானே பார்த்தோம்?” சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், நாங்க கண்டுபிடிச்சிட்டோமே. எங்க பாட்டியும் லயம்னுதான் சொல்வாங்க. லயத்து வீட்ல இருந்தப்போன்னுதான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும்.” இன்னொரு குழுவும் கண்டுபிடித்திருந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் தெரியவில்லை. நான் போட்ட விதிப்படியே அந்தக் குறிப்புக்கு 3 புள்ளி.

யோசித்துப் பாருங்கள். பொருள் நேராக இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்கு இருக்கிறது. வாக்கியமாகப் படித்தால், தோட்டம் துண்டாடப்பட்டு, ஆட்கள் வெளியேறி, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும் இடங்களைப் பார்த்தவருக்கு மனசு கனக்கும். என் மூன்று கேள்விக்கும் விடை சொன்ன முதல் குறிப்பு அது. அதைத்தான் நான் அடித்தேன். நன்னூல் விதி சரிதான். லயம் வந்தேறிய சொல்தான். ஆனால் மூன்று தலைமுறை அந்தச் சொல்லுக்குள் பிறந்து, சமைத்து, செத்திருக்கிறது. அந்தச் சொல்லை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், அந்தப் பிள்ளையின் பாட்டியையும் வெளியே நிறுத்தியதாகத்தானே அர்த்தம்? வீட்டில் பேசும் தமிழ் தமிழே இல்லை என்று நாம் இப்படி ஒவ்வொரு கோடாகப் போட்டுக் கற்றுக்கொடுத்துவிட்டு, எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று புலம்புகிறோம்.

கோட்டின் மேல் வெள்ளை மை பூசி, 3 என்று எழுதினேன். வகுப்பு முன்னாலேயே ‘நான் அவசரப்பட்டுட்டேன்’ என்று சொன்னேன். அதற்கு அவன் சிரித்த சிரிப்பு ஒரு மாதிரி இருந்தது. இன்னும் மறக்கவில்லை.

வீட்டுச் சொல்

அடுத்த வாரத்திலிருந்து ‘வீட்டுச் சொல்’ என்று ஒரு சுற்று சேர்த்தேன். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை, யாரிடமாவது ஒரு தோட்டத்துச் சொல்லைக் கேட்டு வர வேண்டும். பெரட்டு, ஒட்டுப்பால், கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை, நிரை எல்லாம் வகுப்புக்குள் வந்தன. பாதிச் சொற்களுக்கு எனக்கே அர்த்தம் சொல்லத் தெரியவில்லை, பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு குழு பழத்தைக் கொண்டுவந்தது. தம்புன் சாலையோரக் கடைகளில் தொங்குவதை அவர்கள் ‘லிமாவ் பாலி’ என்றுதான் அறிவார்கள். ‘பம்பளிமாசு’ என்ற சொல் ஒரு பாட்டியிடமிருந்து கிடைத்தது.

அந்தச் சுற்றில் வந்த ஒரு குறிப்பைப் பற்றி நாங்கள் ஒரு பாடவேளை முழுக்க வாதாடினோம். விடை ‘கங்காணி’. அதே பின்வரிசை மாணவன் எழுதியது: ‘ஊரிலிருந்து ஆள் திரட்டியவர், கடைசியில் நிலம் வைத்திருக்கிறார் (4)’. காணி என்றால் நிலம், சொல்லின் கடைசியில் இருக்கிறது. வாக்கியம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். சொன்னது வரலாறும்கூட. மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை, கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார். திரட்டப்பட்டவர்கள் நிலமில்லாமல் நின்றார்கள் என்பதை எழுதாமலேயே எழுதிவிட்டான்.

ஆனால் எதிர்க்குழு விடவில்லை. “டீச்சர், காணிக்குக் கணக்கு இருக்கு. ‘கங்’குக்குக் கணக்கு எங்க?” கேள்வி நியாயமானது, இரண்டாவது விதி. அவர்களே ஒரு மாற்று எழுதினார்கள்: ‘நெருப்புத்துண்டு வாலை இழந்து நிலத்தைச் சேர்ந்தால் ஆள் மேய்ப்பார் (4)’. நெருப்புத்துண்டு என்றால் கங்கு. வால் போனால் ‘கங்’. அதோடு காணி சேர்ந்தால் கங்காணி. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

எது சிறந்தது? இரண்டாவது குற்றம் சொல்ல முடியாதது. ஆனால் அப்படி யாரும் பேசமாட்டார்கள். முதலாவது பாதி நியாயம்தான் செய்கிறது, ஆனால் படித்தபின் மனதில் நிற்கிறது. வகுப்பு சரிபாதியாகப் பிரிந்தது. நான் இரண்டுக்கும் புள்ளி கொடுத்தேன், காரணத்தைத் தனித்தனியாகச் சொன்னேன். தேர்வுத்தாளில் இந்தக் காரணம் சொல்லும் வேலையைத்தான் ‘நயம் பாராட்டுதல்’ என்று கேட்கிறோம். அங்கே என் மாணவர்கள் ‘கவிதை அழகாக உள்ளது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே நாற்பது நிமிடம் பேசினார்கள்.

குறைகளும் உண்டு

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் ஒரு குழு இரண்டு குறிப்புக்கு மேல் எழுதாது. பாடத்திட்டம் முடிக்க வேண்டிய மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

குழுவில் ஒருவரே எழுதுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் பேனா பிடிப்பவரை மாற்றுங்கள். பேனா பிடித்தவர் பேசக்கூடாது, மற்றவர்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று வைத்தால் கொஞ்சம் சரியாகிறது.

லகர ளகர ழகரமும் ணகர னகரமும் தகராறு செய்யும். எழுத்தைப் பிழையாக நினைத்துக்கொண்டு எழுதிய குறிப்பை யாராலும் விடுவிக்க முடியாது. குழுவுக்கு 0 விழும்போது அவர்களே பிழையைக் கண்டுபிடிக்கிறார்கள். சில நாள் மனசு உடைந்தும் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசிக்கவே தடுமாறும் மாணவருக்கு எழுத்தைக் கொய்யும் விளையாட்டு பாரம். அவருக்கு இரட்டைப் பொருள் தரும் சொல் போதும். வீட்டுச் சொல் சுற்றில் அவரே முன்னால் வந்துவிடுவார், அங்கே வாசிப்பைவிடக் காது முக்கியம்.

கடைசியாக, இது கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்காது. ஒரு வாக்கியத்தைச் செதுக்க மட்டும்தான் கற்றுக்கொடுக்கும்.

அந்த வாக்கியத்துக்காகவே நான் இதை இந்த ஆண்டும் தொடர்கிறேன். உங்கள் பள்ளியிலும் ஒரு சுற்று நடத்திப் பாருங்கள். வரும் குறிப்புகளைப் புலனக் குழுவில் பகிருங்கள், சேர்ந்து விமர்சிப்போம். பிள்ளைகள் கொண்டுவரும் சொல் அகராதியில் இல்லையென்றால், சிவப்புப் பேனாவை எடுக்குமுன் மற்றக் குழுக்கள் விடை கண்டுவிட்டனவா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

போகுமுன், போன வாரம் சுவரில் ஒட்டியிருந்த ஒன்று. விடை சொல்லமாட்டேன். தெரியாவிட்டால் பால்மரம் சீவிய பாட்டி யாரையாவது கேளுங்கள்.

‘ஒளி குறை; மரத்தடியில் பால் ஏந்து (3)’